அந்தப் பொத்தானை அழுத்தியது யார்?

பலத்த காற்று வீசும் என்று வானிலை எச்சரிக்கை வந்துவிட்டால், மறுநாள் நாளிதழின் ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு செய்தி தவறாமல் இருக்கும்: மீன்வளத் துறை டோக்கன் கொடுக்கவில்லை, ராமேஸ்வரம் விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை. டோக்கன் ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். ஆனால் ஆன்லைன் படிவங்களுக்கு அணுகல் உரிமை வகுக்கிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கும் கேள்விகளுக்கெல்லாம் அந்தச் சீட்டில் பதில் இருக்கிறது. யாருக்கு உரிமை? தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இன்கீழ் பதிவான படகுக்கு. முகப்பில் ‘ஐஎன்டி டிஎன் 10 எம்எம்’ என்று தொடங்கும் எண் எழுதியிருக்கிறதே, அந்தப் படகுக்கு. எப்போது? பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மிச்ச நாள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்குக் கிடையவே கிடையாது. எந்த நிலையில்? கடல் இடம் கொடுத்தால். கொடுக்கிற அதிகாரம் யாருக்கு? துறைக்கு மட்டும், படகு உரிமையாளர் தனக்குத் தானே எழுதிக்கொள்ள முடியாது.

ஆனால் டோக்கனுக்கு ஒரு பலவீனம் உண்டு. அது இல்லாமலும் எஞ்சின் ஓடும். விதி சீட்டில் இருக்கிறது, படகில் இல்லை. பக்கத்திலேயே இருக்கும் பாம்பன் ரயில் பாலத்தில் நிலைமை வேறு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயிலைக் கடல் கொண்டுபோன தீவுக்குப் போகும் பாலம் அது. அங்கே காற்றின் வேகத்தை அளக்கும் கருவியைச் சிக்னலோடு இணைத்திருக்கிறார்கள். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். எவ்வளவு அவசரம் என்றாலும் காற்று தணியாமல் பச்சை விழாது. ஒரு விண்ணப்பம் மேசை மேசையாக நகரும் வழியை மென்பொருளில் அமைக்கிறவர் ஒவ்வொரு விதியையும் எடுத்து இந்த இரண்டில் எந்த வகை என்று பார்க்க வேண்டும். “ஒருவர் லாகினை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது” என்று சுற்றறிக்கை அனுப்பினால் அது டோக்கன். பயன்படுத்தவே முடியாதபடி செய்தால் அது சிக்னல். நம் அலுவலகங்களில் முதல் வகைதான் மலிவு.

ஒரு விண்ணப்பத்தின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். தங்கச்சிமடத்தில் ஒரு குடும்பம், மகளின் கல்லூரி உதவித்தொகைக்காக வருமானச் சான்று கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிறுத்தம் இ-சேவை மையம். (கடலோரக் கிராமங்களில் கூட்டுறவுச் சங்கம், அரசு கேபிள் ஆகியவை நடத்தும் மையங்களோடு, சுனாமிக்குப் பிந்தைய வாழ்வாதாரத் திட்டத்தின் வழியாக வந்த மையங்களும் உண்டு.) ஆபரேட்டர் படிவத்தை நிரப்பலாம், ரேஷன் கார்டையும் ஆதாரையும் ஸ்கேன் செய்து ஏற்றலாம், 60 ரூபாய் வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கலாம். சமர்ப்பி என்பதை அழுத்திய நொடியோடு அவர் அதிகாரம் முடிந்துவிட வேண்டும். அதற்கப்புறம் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம், ஓர் எழுத்தைத் திருத்தக் கூடாது. அடுத்தது விஏஓ, அதாவது கிராம நிர்வாக அலுவலர். அவர் விசாரித்துப் பரிந்துரைக்கலாம், மறுக்கக் காரணம் எழுதலாம். சான்று வழங்க முடியாது. வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.க்கும் அதே கதை, ஒரு படி மேலே. கடைசியில் தாசில்தார். பென்டிரைவ் போலிருக்கும் ஒரு கருவியைக் கணினியில் செருகி, அதற்குரிய ரகசிய எண்ணைப் போட்டால் டிஜிட்டல் கையெழுத்து விழுகிறது. விழுந்த பிறகு சான்றில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் கையெழுத்து செல்லாது; கணிதம் காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஆபரேட்டரின் உரிமை நாள் முழுக்க ஒன்றாக இல்லை என்பது. சமர்ப்பிப்பதற்கு முன் எழுதலாம், பின் படிக்க மட்டும்தான். விஏஓவுக்கு அந்த விண்ணப்பம் தன் மேசைக்கு வரும் முன்பும் வேலை இல்லை, போன பின்பும் வேலை இல்லை. ஆள் யார் என்பதோடு, விண்ணப்பம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் உரிமையைத் தீர்மானிக்கிறது. படிவம் வடிவமைக்கிற பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். யார் யாருக்கு லாகின் என்று பட்டியல் போடுவார்கள். எந்தக் கட்டத்தில் எந்தப் பெட்டி பூட்டப்பட வேண்டும் என்று யோசிக்க மாட்டார்கள்.

இந்தப் பிரச்சினைக்கு வயது அறுபதுக்கு மேல். அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழு 1961-இல் ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஏற்பாட்டைக் காட்டியது. ஆளுக்கொரு பாஸ்வேர்டு அதோடுதான் வந்தது. அடுத்த ஆண்டே ஒரு முனைவர் பட்ட மாணவர், ஆலன் ஷெர், அத்தனை பேரின் பாஸ்வேர்டுகளையும் அச்சிட்டு எடுத்துவிட்டார். உளவு பார்க்க அல்ல. வாரத்துக்கு அவருக்கு ஒதுக்கியிருந்த கணினி நேரம் ஆய்வுக்குப் போதவில்லை. மற்றவர் கணக்கில் நுழைந்து வேலையை முடித்துக்கொள்ளத்தான். உலகின் முதல் பாஸ்வேர்டு திருட்டுகளில் ஒன்றுக்குக் காரணம் வேலைப் பளு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம்மூர்க் கதைக்கும் வேண்டியிருக்கிறது.

1971-இல் பட்லர் லாம்ப்சன் ஓர் அட்டவணையை முன்வைத்தார். வரிசைகளில் ஆட்கள், பத்திகளில் கோப்புகள், கட்டங்களில் உரிமைகள்: படிக்க, எழுத, அழிக்க. கருத்து எளிது, கைக்கு அடங்காது. ராமநாதபுரம் மாவட்டத்தில் 9 தாலுகா, 400 வருவாய்க் கிராமம். அன்றாடம் வரும் விண்ணப்பங்களுக்கு ஆள்வாரியாகக் கட்டம் நிரப்பத் தொடங்கினால் அந்த வேலைக்கே ஒரு தனி அலுவலகம் வேண்டும். 1992-இல் டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் குன் என்ற இருவர் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்திலிருந்து எழுதிய கட்டுரை இதற்கு வழி சொன்னது. உரிமையை ஆளுக்குக் கொடுக்காதே, பதவிக்குக் கொடு. ஆளைப் பதவியில் உட்காரவை. விஏஓ மாறுதலாகிப் போனால் நூறு உரிமைகளைப் பறிக்க வேண்டியதில்லை, அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பினால் போதும். தாசில்தார், ஆர்.ஐ., தலையாரி என்று நாற்காலிக்கு அதிகாரம் வைத்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பதவி மட்டும் போதாது, எல்லையும் வேண்டும். தொண்டி விஏஓவும் வேதாளை விஏஓவும் ஒரே பதவிதான். அதற்காக அவர் இவர் கிராமத்து விண்ணப்பத்தைத் திறந்துவிடக் கூடாது. இந்தச் சோதனையைத் திரையில் மட்டும் செய்துவிட்டு, உள்ளே சர்வரில் செய்யாமல் விடுவது உலகெங்கும் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. திரையில் உங்கள் கிராமத்து விண்ணப்பங்கள் மட்டும்தான் தெரியும். ஆனால் முகவரிப் பட்டையில் இருக்கும் விண்ணப்ப எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றினால் அடுத்தவருடையது திறந்துகொள்ளும். 2019-இல் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற சொத்து ஆவண நிறுவனத்தின் தளத்தில் சுமார் 88.5 கோடி ஆவணங்கள் இப்படித் திறந்து கிடந்தது வெளியே வந்தது. எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் போதும், பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. இணையச் செயலிகளின் ஆபத்துகளைத் தரவரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பு 2021-இல் இந்த வகைப் பிழைகளைத்தான் முதலிடத்தில் வைத்தது.

இப்போது நம் மாநிலத்துக்கு வருகிறேன். பி.எம். கிசான் திட்டத்தில் நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக, நேரே வங்கிக் கணக்குக்கு வரும். விண்ணப்பத்தைப் பதிவு செய்வது ஒரு கட்டம், வேளாண் துறை அலுவலர்கள் சரிபார்த்து ஏற்பது அடுத்த கட்டம். 2020-இல், கொரோனா ஊரடங்குக் காலத்தில், தமிழ்நாட்டில் பயனாளிகளின் எண்ணிக்கை திடீரென எகிறியது. ஆகஸ்ட் வாக்கில் குட்டு உடைந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று வட மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள் பெயரிலும் பணம் ஏறியிருந்தது. சுமார் 5.95 லட்சம் கணக்குகளைச் சோதித்ததில் 5.38 லட்சம் தகுதியற்றவை என்று மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. போன பணம் சுமார் 110 கோடி ரூபாய். பதின்மூன்று மாவட்டங்களில் வழக்கு, சிபிசிஐடி விசாரணை, கைது, ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கம், அலுவலர்கள்மேல் நடவடிக்கை என்று போனது.

இதில் ஹேக்கர் யாரும் இல்லை. எந்த மென்பொருள் பூட்டும் உடையவில்லை. அலுவலர்களின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வேறு கைகளில் இருந்தன, அவ்வளவே. பதிவேற்றுகிற கையும் ஏற்றுக்கொள்கிற கையும் ஒன்றாகிவிட்டால் இடையில் எத்தனை கட்டம் வைத்து என்ன பயன்? டேவிட் கிளார்க், டேவிட் வில்சன் என்ற இருவர் 1987-இலேயே எழுதிவைத்த கோட்பாடு இதுதான். ரகசியத்தைக் காப்பது ராணுவத்தின் கவலை. வணிகத்துக்கும் அலுவலகத்துக்கும் முக்கியம், ஒரே ஆள் ஒரு வேலையைத் தொடங்கி முடித்துவிடாமல் பார்த்துக்கொள்வது. பில் போடுகிறவர் வேறு, பணம் கொடுக்கிறவர் வேறு என்று கணக்குப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததைத்தான் அவர்கள் கணினிக்கு எடுத்துச் சொன்னார்கள். பி.எம். கிசானில் அந்தப் பிரிவினை காகிதத்தில் இருந்தது. நடைமுறையில் அது ஒரு பாஸ்வேர்டின் கனம்தான் இருந்தது.

பணத்துக்காகப் பாஸ்வேர்டை விற்றவர்கள் தண்டிக்கப்பட வேண்டியவர்கள், அதில் இரண்டு கருத்து இல்லை. எனக்குக் கவலை தருவது, விற்காமலே கொடுத்தவர்கள். ஓர் அலுவலர் காலையில் வயலில் இருக்கிறார், மதியம் ஆய்வுக்கூட்டம், சாயங்காலம் வீடியோ கான்பரன்ஸ். “சார், நானூறு விண்ணப்பம் நிலுவையில் இருக்கு, மாவட்டத்தில் கேட்பாங்க” என்கிறார் தற்காலிகக் கணினிப் பணியாளர். பாஸ்வேர்டு ஒரு சீட்டில் எழுதப்பட்டு மானிட்டரின் ஓரத்தில் ஒட்டப்படுகிறது. எம்ஐடி மாணவருக்கு இருந்த அதே நெருக்கடி. இதை ஒழுக்கக் கேடாக மட்டும் பார்த்தால் அடுத்த சுற்றறிக்கைதான் மிஞ்சும்.

காகித அலுவலகம் இதைவிட விவரமாக இருந்தது என்பேன். தாசில்தார் விடுப்பில் போனால் பொறுப்பை எழுத்துமூலம் ஒப்படைப்பார். பொறுப்பேற்றவர் தன் பெயரில்தான் கையெழுத்துப் போடுவார். கீழே ‘வட்டாட்சியர் (பொ)’ என்று இருக்கும். அந்த ஒற்றை எழுத்தில் எவ்வளவு தகவல்! இவர் நிரந்தரமானவர் அல்ல, இந்தத் தேதியில் இந்த அதிகாரம் இவரிடம் இருந்தது, கேள்வி கேட்பதானால் இவரைக் கேளுங்கள். ஒரு விஏஓ பக்கத்துக் கிராமத்துக்கும் கூடுதல் பொறுப்பு பார்ப்பது நம் மாவட்டத்தில் புதிதல்ல. அதற்கும் உத்தரவு உண்டு.

ஆன்லைனுக்கு மாறியபோது இந்த (பொ) பல மென்பொருள்களில் காணாமல் போய்விட்டது. லாகின் ஒன்று, ஆள் ஒருவர் என்று கட்டினார்கள். விடுப்பு, மாறுதல், காலிப் பணியிடம், கூடுதல் பொறுப்பு எதுவும் அந்தத் திட்டத்தில் இல்லை. வேலை நிற்க முடியாது. ஆகவே பாஸ்வேர்டே பொறுப்பு ஒப்படைப்பாக மாறியது. வித்தியாசம் என்னவென்றால், பாஸ்வேர்டுக்குத் தேதி கிடையாது, கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது, அதை வைத்துக்கொண்டு யார் உட்கார்ந்தாலும் கணினி அதே பெயரைத்தான் பதிவு செய்யும்.

தீர்வு கடினமானதல்ல. அதிகாரி தன் லாகினிலிருந்தே இன்ன வேலையை, இன்னாருக்கு, இன்ன தேதிவரை என்று ஒப்படைக்க ஒரு வசதி வேண்டும். அந்தத் தேதி வந்ததும் உரிமை தானே காலாவதியாக வேண்டும். பதிவேட்டில் இரண்டு பெயரும் இருக்க வேண்டும். விவரம் பதிய மட்டும் ஆள் தேவை என்றால், பதிய மட்டும் உரிமை உள்ள தனி லாகின். ஏற்றுக்கொள்ளும் பொத்தான் அவர் திரையில் வரவே கூடாது. 1975-இல் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் சொன்ன விதி இது: ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் ஒரு பிடி அதிகாரமும் கொடுக்காதே. அவர்களே இன்னொன்றும் சொன்னார்கள். பாதுகாப்பு ஏற்பாடு பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மக்கள் அதைச் சரியாகப் பயன்படுத்த மாட்டார்கள்.

எளிது என்றதும் கடலோரத்துக்கே உரிய ஒரு சிக்கல். அடையாளத்துக்கு இப்போது எல்லா இடத்திலும் ஓ.டி.பி. குடும்பத்தில் ஒரு கைபேசி, அது கணவரிடம். ராமேஸ்வரம் விசைப்படகு காலையில் போனால் மறுநாள் காலைதான் கரைக்கு வரும். நடுக்கடலில் டவர் எட்டாது. மனைவி இ-சேவை மையத்தில் நிற்கிறார், ஓ.டி.பி. எங்கோ அலைகிறது. அப்போது என்ன நடக்கும்? மையத்துக்காரரின் எண்ணையே பதிந்துவிடுவார்கள். அன்றைக்கு வேலை முடிந்தது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தின் விண்ணப்பங்களுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் வேறொருவர் பையில். மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் முதலமைச்சர் அறிவித்தார். இப்படிப்பட்ட பணத்துக்கெல்லாம் வழி ஆதாரும் வங்கிக் கணக்கும் கைபேசி எண்ணும்தான். விதி வகுத்தவருக்குக் கடல் தெரியவில்லை என்றால் அதன் விலையைக் கரையில் நிற்கிறவர் கொடுக்கிறார்.

அரசு மென்பொருளைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சங்கம், ஜமாஅத், பள்ளிப் பெற்றோர் குழு என்று எல்லோரும் இன்று கூகுள் ஃபார்ம் போடுகிறார்கள். பெயர், ஆதார், வங்கிக் கணக்கு எண் எல்லாம் கேட்கிறார்கள். படிவத்தை நிரப்பும் உரிமை வேறு, நிரம்பிய விவரங்களைப் பார்க்கும் உரிமை வேறு. பதில்கள் போய் விழும் ஷீட்டை “இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்” என்று வைத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால், முந்நூறு பேரின் கணக்கு எண்ணை முந்நூறு பேரும் மாற்றலாம். பதில்களின் சுருக்கத்தை நிரப்பியவர்களுக்குக் காட்டும் ஓர் அமைப்பும் அதில் உண்டு. தெரியாமல் அதைத் திறந்து வைத்தால், ஒருவர் எழுதியதை அடுத்தவர் படிக்கலாம். இணைப்பை அனுப்புவதற்கு முன் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, அந்நியரைப் போல அதைத் திறந்து பாருங்கள். என்ன தெரிகிறதோ அதுதான் ஊருக்குத் தெரியப்போவது. அந்த ஆதார் எண் நிஜமாகவே வேண்டுமா என்பது அதற்கும் முந்தைய கேள்வி. கேட்காத விவரத்துக்குக் காவல் தேவையில்லை. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2025 நவம்பரில் வந்த அதன் விதிகளும் யார் எதைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாட்டையும், யார் பார்த்தார்கள் என்ற பதிவை ஓராண்டாவது வைத்திருப்பதையும் கடமையாக்குகின்றன. பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

பழைய லாகின்களைக் களையெடுப்பதற்கு நம்மிடம் ஆயத்தமான சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது: ஜமாபந்தி. ஆண்டுக்கொரு முறை கிராமக் கணக்குகளை மேலதிகாரி முன் விரித்துச் சரிபார்க்கிறோம். அதே மேசையில் அந்தத் தாலுகாவின் லாகின் பட்டியலையும் விரிக்கலாம். ஓய்வு பெற்றவர் பெயரில் இன்னும் உயிரோடு இருக்கும் கணக்கு, மாறுதலாகிப் போன இடத்திலும் விட்டுவந்த இடத்திலும் உரிமை வைத்திருப்பவர், நள்ளிரவில் இருநூறு ஒப்புதல் கொடுத்த விரல், இவையெல்லாம் அரை நாளில் கண்ணில் பட்டுவிடும்.

அந்தச் சரிபார்ப்புக்கு ஆதாரம் பதிவேடு, அதாவது யார் எப்போது எதைச் செய்தார் என்று மென்பொருள் தானே எழுதிக்கொண்டு போகும் குறிப்பு. அதை அழிக்கும் அதிகாரம் யாரிடம் என்று கேட்டுப் பார்த்தால், அநேகமாக அட்மினிடம் என்று பதில் வரும். மற்ற எல்லோருக்கும் உரிமை பகிர்ந்து கொடுக்கிற அந்த ஒரே ஆள், தன் தடத்தையும் அழிக்கலாம். ஒவ்வொரு குறிப்பிலும் முந்தைய குறிப்பின் கணித முத்திரையைச் சேர்த்துக் கோர்த்துவிட்டால், நடுவில் ஒன்றை உருவினாலும் அதற்குப் பின்னால் உள்ள முத்திரைகள் ஒத்துப்போகாது. பதிவேட்டின் பிரதி உடனுக்குடன் வேறொரு துறையின் சர்வருக்குப் போய், அங்கே இந்த அட்மினுக்கு லாகினே இல்லாமல் இருந்தால், சங்கிலியை மொத்தமாகத் திரும்ப எழுதவும் வழியில்லை. இரண்டும் பழைய, பரீட்சித்துப் பார்த்த நுட்பங்கள். டெண்டர் ஆவணத்தில் இவற்றைக் கேட்டு எழுதினால், கட்டித் தருகிற நிறுவனம் முடியாது என்று சொல்லப்போவதில்லை.